தும்பையை யாரும் கேட்கவில்லை

ஈச்சங்கரை ஏரியை ஒட்டிக் காட்டோரமாக ஒரு புல்வெளி. அதில் ஓர் எருமைக் கூட்டம் மேய்ந்து வந்தது. எருமை மேல் ஈ மொய்க்கும், உண்ணி ஏறும். அதைத் தின்னப் பறவைகள் வந்து சேரும். இங்கேயும் வந்து சேர்ந்தன.

பறவைகளில் இரண்டு கூட்டம். ஒன்று உண்ணிக்கொக்குகள். பாலில் முக்கி எடுத்த மாதிரி வெள்ளை. இன்னொன்று கரிச்சான் குருவிகள். உடம்பெல்லாம் கருகருவென்று மின்னும். வால் மட்டும் கத்தரிக்கோலைத் திறந்து வைத்த மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும். இரண்டு கூட்டமும் செய்வது ஒரே வேலைதான். எருமை மேல் உட்கார்ந்து பூச்சி பிடிப்பது.

ஆனால் உட்காரும் இடம் ஒன்றல்ல.

காலையில் எருமைகள் சேற்றுக் குட்டையை விட்டு எழுந்ததும், கூட்டத்தின் தலைவி மேட்டுக்கொம்பி குரல் கொடுப்பாள். "வெள்ளை முதுகுக்கு, கருப்பு வாலுக்கு!"

கொக்குகள் பறந்து வந்து முதுகில், கழுத்தில், தலையில் உட்காரும். கரிச்சான்கள் வாலோரமாக ஒட்டிக்கொள்ளும். எருமை வால் சும்மா இருக்குமா? பளார் பளார் என்று விழும். அடி வாங்கிக்கொண்டே பிடித்தால்தான் பூச்சி. காதுப் பக்கம் கரிச்சான்கள் எட்டியே பார்க்கக் கூடாது. கொழுத்த உண்ணியெல்லாம் இருப்பதோ காதுக்குள்தான்.

ஏன் இப்படி என்று யாராவது கேட்டால் மேட்டுக்கொம்பிக்குப் பதில் தயாராக இருக்கும்.

"பார்க்க எடுப்பா இருக்க வேண்டாமா? வெள்ளை உட்கார்ந்தா முதுகுக்கே ஒரு களை வருது. கருப்பு உட்கார்ந்தா என்னவோ அழுக்கு ஒட்டின மாதிரி இருக்கு."

இதைச் சொல்கிற மேட்டுக்கொம்பியும் கருப்புதான். அடுப்படிச் சட்டியின் அடிப்பக்கம் மாதிரி கருப்பு. ஆனால் அவளிடம் அதைச் சொல்ல முடியாது.

"நாங்க எங்கே கருப்பு? இது சேறு. நல்ல தண்ணியில குளிச்சா வெளுத்திடுவோம்" என்பாள்.

"அப்போ குளிக்கலாமே பெரியம்மா?" என்று ஏதாவது ஒரு குருவி கேட்கும்.

"எங்கே நேரம் இருக்கு?"

எருமைகள் எல்லாமே இப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தன. ஏரியில் நல்ல தண்ணீர் தளும்பிக்கொண்டுதான் இருந்தது. ஓர் எருமைகூட அதில் இறங்கிக் குளித்துப் பார்த்ததில்லை.

கொக்குக் கூட்டத்தில் தும்பை என்று ஓர் இளம் கொக்கு இருந்தாள். சாதுவானவள். யாரையும் வலிக்கப் பேச மாட்டாள். மேட்டுக்கொம்பியின் பேத்தி மொட்டு என்கிற கன்றின் காதைச் சுத்தம் பண்ணுகிற வேலை அவளுடையது. கூட்டத்திலேயே நல்ல இடம் அது. 'நான் கண்ணும் கருத்துமா வேலை பார்க்கிறேன். அதனாலதான் எனக்குக் காது' என்று தும்பை நினைத்துக்கொண்டிருந்தாள். மனதார நினைத்தாள். பெருமையடிக்கிற ஆளில்லை அவள்.

மொட்டின் வாலோரம் உட்காருகிற கரிச்சானுக்குப் பெயர் கொண்டல். அவன் அடி வாங்குவதைப் பார்க்கும்போது தும்பைக்குப் பாவமாக இருக்கும். ஒரு நாள் அவனிடம் ஆறுதலாகச் சொன்னாள்.

"இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணினா நீயும் முதுகுக்கு வரலாம் கொண்டல்."

கொண்டல் அவளை ஒரு பார்வை பார்த்தான். "அப்படியா?" என்றான். பிறகு ஓர் ஈயைப் பிடிக்கப் போய்விட்டான்.

நல்லது சொன்னதாக நினைத்துத் தும்பை அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தாள்.

கொண்டலுக்கும் அவன் மனைவி காயாவுக்கும் புல்வெளி ஓரத்தில் நின்ற ஒரு முள் உடைமரத்தில் கூடு. கூட்டில் மூன்று முட்டை. இன்றைக்கோ நாளைக்கோ பொரிக்கிற பக்குவத்தில் இருந்தன. காயா அடைகாத்தாள். கொண்டல் இரை தேடினான். காயா பசியாறப் போகும்போது கொண்டல் முட்டை மேல் உட்காருவான்.

அன்று காலை வெயில் சுள்ளென்று அடித்தது. மொட்டு புல்லில் படுத்து அரைக்கண் மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது. தும்பை அதன் தலையில் நின்று காதுக்குள் பார்த்தாள். உள்ளே ஆழத்தில் ஓர் உண்ணி. மொச்சைக்கொட்டை பருமன். தும்பை கழுத்தை நீட்டி, அலகை உள்ளே விட்டாள்.

அந்த நேரம் பார்த்து மொட்டின் மூக்கில் ஈ ஒன்று உட்கார்ந்தது. மொட்டு தலையை வெடுக்கென்று உதறியது. தும்பையின் அலகு காதின் உட்சதையில் சதக்கென்று இறங்கிவிட்டது.

"அம்மா!" என்று அலறிக்கொண்டு மொட்டு எழுந்து ஓடியது. காதிலிருந்து ரத்தம் வழிந்தது. தும்பை பதறிப்போய் மேலே எழும்பி, பக்கத்தில் நின்ற ஒரு கிழ எருமையின் முதுகில் போய் உட்கார்ந்தாள்.

அதே சமயம், புல்லிலிருந்து துள்ளிய வெட்டுக்கிளி ஒன்றைத் துரத்திக்கொண்டு கொண்டல் மொட்டின் முகத்துக்கு நேராகப் பறந்தான். பிடித்தும்விட்டான்.

எருமைகள் கூடிவிட்டன. மேட்டுக்கொம்பி மூச்சிரைக்க ஓடி வந்தாள். பேத்தியின் காதிலிருந்து வழிகிற ரத்தத்தைப் பார்த்ததும் அவள் கண் சிவந்தது.

"யார் பண்ணினது இதை?"

மொட்டுக்குத் தெரியவில்லை. அது தூக்கக் கலக்கத்தில் இருந்தது. அழுவதைத் தவிர அதனால் எதுவும் சொல்ல முடியவில்லை.

"கருப்பா ஒண்ணு முகத்துக்கு நேரா பறந்ததை நான் பார்த்தேன்" என்றது ஓர் இளங்கடா.

அவ்வளவுதான். எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

கொண்டல் ஓர் ஈச்சம்புதரில் உட்கார்ந்திருந்தான். அலகில் வெட்டுக்கிளி. அதைக் கீழே வைத்தான்.

"பெரியம்மா, நான் இதைப் பிடிக்கத்தான் வந்தேன். இதோ பாருங்க."

"டேய், காதுப் பக்கம் உனக்கு என்னடா வேலை? உன் இடம் வால்தானே?"

"வால்தான். நான் காதைத் தொட்டதே இல்லையே. தொடக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லி வச்சிருக்கீங்க."

"அதான்! தொட விடலையேன்னு திருட்டுத்தனமா வந்து கொத்தியிருக்கே."

தள்ளி வைத்ததே கொண்டலுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அவன் மறுபடியும் சொல்லிப் பார்த்தான்.

"பெரியம்மா, சத்தம் போடாதீங்க. காயத்தைப் பாருங்க. அது எவ்வளவு ஆழம், எப்படிப்பட்ட காயம்னு பாருங்க. என் மூக்கைப் பாருங்க. பார்த்தாலே தெரிஞ்சிடும்."

யாரும் காயத்தைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தார்கள்.

"வாயாடறான் பாரு" என்றது ஒரு கடா. "இந்தக் கரிச்சான்களே இப்படித்தான்" என்றது இன்னொன்று.

மேட்டுக்கொம்பி தீர்ப்புச் சொன்னாள். "பொழுது சாயறதுக்குள்ள நீயும் உன் பொண்டாட்டியும் இந்தப் புல்வெளியை விட்டுப் போயிடணும். இல்லேன்னா அந்த உடைமரத்தை முட்டிச் சாய்ச்சிடுவோம்."

"கூட்டில முட்டை இருக்கு பெரியம்மா. முட்டையைத் தூக்கிட்டு எப்படிப் போறது?"

"அதைக் கொத்தறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

தும்பை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிழ எருமையின் முதுகிலேயே உட்கார்ந்திருந்தாள். 'யாராவது என்னைக் கேட்டால் சொல்லிவிடுவேன்' என்று நினைத்தாள். மொட்டின் காது அவள் பொறுப்பு. விபத்து நடந்தபோது காதுக்கு மிக அருகில் இருந்தவள் அவள். அவள் அலகு நுனியில் லேசாகச் சிவப்புக்கூட இருந்தது.

யாரும் கேட்கவில்லை. மேட்டுக்கொம்பி ஒரு முறை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "நீ பயந்துட்டியா கண்ணு? போய் நிழல்ல உட்காரு" என்றாள்.

தும்பை நிழலில் போய் உட்கார்ந்தாள். நிழல் குளிர்ச்சியாக இல்லை.

பக்கத்தில் நெட்டைக்கால் மாமா ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். கொக்குகளில் மூத்தவர். தும்பை அவரிடம் மெல்லச் சொன்னாள்.

"மாமா, கொத்தினது கொண்டல் இல்லை. நான்தான்."

நெட்டைக்கால் மாமா தூக்கி வைத்திருந்த காலைக் கீழே வைத்தார். சுற்றும் முற்றும் பார்த்தார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லை."

"நல்லதாப் போச்சு. வாயை மூடிக்கிட்டு இரு."

"தப்பில்லையா மாமா?"

"நீ பொய் சொன்னியா? இல்லை. அவன் மேல கைகாட்டினியா? இல்லை. உன்னை யாரும் கேட்கவே இல்லை. கேட்காததுக்கு ஏன் பதில் சொல்றே?"

"அதான் மாமா உறுத்துது. ஏன் என்னை யாரும் கேட்கலை?"

"நாம நல்லவங்கன்னு அவங்களுக்குத் தெரியும். அதான்."

"கொண்டலும் நல்லவன்தானே? அவனை மட்டும் ஏன் கேட்டாங்க?"

நெட்டைக்கால் மாமாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "நீ இப்படியே போய் எதையாவது கிளறினே, நாளைக்கு நம்ம எல்லாரையும் வாலுக்கு அனுப்பிடுவாங்க. உங்க அத்தைக்கு இந்த வயசில வாலடி தாங்குமா? யோசிச்சுப் பேசு."

தும்பைக்கு அத்தையை நினைத்துக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இன்னும் சற்று நேரம் உட்கார்ந்தாள். அசையாமல் உட்கார்ந்திருந்தவளுக்குள் ஒரு விஷயம் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. 'கண்ணும் கருத்துமா வேலை பார்த்ததால எனக்குக் காது கிடைச்சது' என்று இத்தனை நாள் நினைத்திருந்தாளே, கொண்டல் கண்ணும் கருத்துமாக வேலை பார்க்கவில்லையா? வாலடி வாங்கிக்கொண்டே அவன் பிடித்த பூச்சிகள் எத்தனை? அவளை ஒரு நாள் வாலில் உட்கார வைத்திருந்தால் என்ன பிடித்திருப்பாள்?

அவளால் உட்கார முடியவில்லை. எழுந்து உடைமரத்துக்குப் பறந்தாள்.

காயா முட்டை மேல் இறகை விரித்து உட்கார்ந்திருந்தாள். கொண்டல் பக்கத்துக் கிளையில் இருந்தான். பறந்து போனால் முட்டை போச்சு. பறக்காமல் இருந்தால் மரம் போச்சு.

தும்பை கிளையில் இறங்கியதும் அழுதுவிட்டாள்.

"அக்கா, நான்தான் கொத்திட்டேன். வேணும்னு இல்லை. மொட்டு தலையை உதறிடுச்சு. எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு அக்கா. காலையிலேர்ந்து ஒரு பூச்சிகூட இறங்கலை. நெஞ்சே வெடிச்சிடும் போல இருக்கு."

காயாதான் பேசினாள். அவள் குரல் உயரவில்லை.

"தும்பை, நீ அழறது எனக்குத் தெரியுது. ஆனா உன்னைத் தேத்த எனக்கு இப்போ நேரமில்லை. இதை ஏன் இங்கே வந்து சொல்றே? நாங்க பண்ணலைன்னு எங்களுக்குத் தெரியும். முட்டைக்கும் தெரியும். தெரிய வேண்டியவங்க அங்கே இருக்காங்க."

தும்பைக்குச் சுருக்கென்றது. தான் எதற்காக இங்கே வந்தோம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. 'பரவாயில்லை தும்பை' என்று யாராவது சொல்ல வேண்டும் என்றுதான் வந்திருக்கிறாள். பாரத்தை இறக்கி வைக்க வந்து, ஏற்கெனவே பாரம் சுமக்கிறவர்கள் தலையில் வைத்திருக்கிறாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மேட்டுக்கொம்பியிடம் பறந்தாள்.

மேட்டுக்கொம்பி குட்டையோரம் படுத்திருந்தாள். மொட்டு அவள் வயிற்றில் சாய்ந்து விசும்பிக்கொண்டிருந்தது.

"பெரியம்மா, மொட்டு காதைக் கொத்தினது நான்தான். கொண்டல் இல்லை."

மேட்டுக்கொம்பி அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு, என்ன ஆச்சரியம், அவள் கண்கள் கலங்கிவிட்டன.

"பார்த்தியா மொட்டு, தும்பையக்காவுக்கு எவ்வளவு நல்ல மனசுன்னு? அந்தப் பயலுக்காகப் பழியைத் தன் மேல போட்டுக்கிறா."

"இல்லை பெரியம்மா, நிஜமாவே நான்தான்."

"போதும் கண்ணு, போதும். உன் வெள்ளை மனசு எனக்குத் தெரியாதா? கருப்பனுக்கு இரக்கப்படறே. இரக்கப்படலாம். ஆனா இதையெல்லாம் நீ தலையில போட்டுக்காதே."

கொண்டல் உண்மையைச் சொன்னான், அது பொய்யாகிவிட்டது. அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டாள், அது அவளுடைய நல்ல குணமாகிவிட்டது! அவள் எந்தப் பக்கம் விழுந்தாலும் அடியில் மெத்தை போட்டிருக்கிறார்கள்.

"பெரியம்மா, நீங்களும் கருப்புதானே?" என்று கேட்டுவிட்டாள்.

"நாங்களா? இது சேறு கண்ணு. எத்தனை தடவை சொல்றது?"

அப்போது 'தடார்' என்று ஒரு சத்தம் கேட்டது. உடைமரத்துப் பக்கமிருந்து.

பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. ஆனால் இளங்கடாக்களுக்குப் பொறுமை இல்லை. இரண்டு கடாக்கள் கொம்பைத் தாழ்த்தி மரத்தை முட்டிக்கொண்டிருந்தன. கொண்டல் அவற்றின் முகத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்து கத்தினான். கடாக்கள் சட்டை செய்யவில்லை. மரம் ஆடியது. கூடு ஆடியது. காயா எழுந்திருக்கவில்லை. இறகை இன்னும் அகலமாக விரித்து, கூட்டோடு ஒட்டிக்கொண்டாள்.

தும்பை பறந்து வந்து சேருவதற்குள் ஒரு முட்டை உருண்டு கீழே விழுந்துவிட்டது.

விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. சின்ன முட்டைதானே.

"நிறுத்துங்க!" என்று தும்பை கத்தினாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினாள். கடாக்கள் நின்றுவிட்டன. இத்தனை நேரம் கொண்டல் கத்தினான், நிற்கவில்லை. அவள் ஒரு தடவைதான் கத்தினாள், நின்றுவிட்டன. அதையும் தும்பை கவனித்தாள்.

மேட்டுக்கொம்பியும் மற்ற எருமைகளும் சத்தம் கேட்டு வந்துவிட்டன. மொட்டும் பின்னால் வந்தது. தும்பை நேராகப் போய் மொட்டின் தலையில் உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, காயத்தைப் பாருங்க" என்றாள்.

மேட்டுக்கொம்பி உடனே குனிந்து காதுக்குள் பார்த்தாள். சுற்றியிருந்த எருமைகளும் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன.

காயம் ஒடுக்கமாக, நேராக, ஆழமாக இருந்தது. ஈட்டி இறங்கின மாதிரி. கொண்டலின் அலகோ குட்டை. நுனியில் வளைந்தது. அதைக் கொண்டு கொத்தியிருந்தால் மேல்தோல் கிழிந்திருக்குமே தவிர, இத்தனை ஆழம் போகாது. தும்பை தன் அலகைக் காயத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினாள். வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு மேட்டுக்கொம்பி தொண்டையைச் செருமினாள்.

"சரி. குழந்தை தலையை ஆட்டியிருக்கும். தெரியாம பட்டிருக்கும். விடு கண்ணு, நீ ஒண்ணும் மனசில வச்சுக்காதே. எல்லாரும் போங்க, போங்க."

எருமைகள் திரும்பின. பிரச்சினை முடிந்துவிட்டது என்று நினைத்தன.

"நில்லுங்க பெரியம்மா" என்றான் கொண்டல்.

அவன் உடைந்த முட்டைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். உடைந்த ஓட்டுக்குள் கண் திறக்காத ஒரு சிறு குஞ்சு அசையாமல் கிடந்தது.

"காலையில நானும் இதைத்தான் சொன்னேன். காயத்தைப் பாருங்கன்னு சொன்னேன். இதே வார்த்தை. அப்போ பார்க்கலை, இப்போ பார்த்தீங்க. நடுவில என்ன மாறிச்சு? காயமா மாறிச்சு?"

மேட்டுக்கொம்பி வாலைச் சுழற்றி ஓர் ஈயை விரட்டினாள்.

தும்பையும் இறங்கி வந்தாள். "பெரியம்மா, என்னை விரட்டுங்கன்னு நான் சொல்லலை. ஆனா என் மேலதான் தப்புன்னு தெரிஞ்ச உடனே, தெரியாம பட்டிருக்கும்னு உங்களுக்குத் தோணிச்சே. அவன் மேல தப்புன்னு நினைச்சப்போ அது ஏன் தோணலை? அவன் பண்ணினா விரட்டணும், நான் பண்ணினா விட்டுடணும்னா, அது நியாயமே இல்லை. அது என் வெள்ளை இறகுக்குக் குடுக்கிற கூலி. அது எனக்கு வேண்டாம்."

நெட்டைக்கால் மாமா ஒரு கடாவின் முதுகிலிருந்து இருமினார். தும்பை அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மேட்டுக்கொம்பி கீழே பார்த்தாள். உடைந்த ஓடு அவள் குளம்புக்கு அருகில்தான் கிடந்தது. அவளும் பிள்ளை பெற்றவள்தான். பேத்தியின் காதில் ஒரு சொட்டு ரத்தம் பார்த்ததற்கே உலகம் இருண்டது அவளுக்கு. இங்கே ஒரு பிள்ளையே போய்விட்டது. அதற்கு அவள் போட்ட உத்தரவுதான் காரணம்.

"நான் இப்போ என்ன செய்யணும் கொண்டல்?" என்றாள். 'டேய்' போய்விட்டது.

"முதல்ல எல்லாரும் மரத்தை விட்டுத் தள்ளி நில்லுங்க. மேல இருக்கிறவ இன்னும் நடுங்கிட்டிருக்கா."

எருமைகள் ஓசைப்படாமல் விலகிப் போயின. முட்டின கடாக்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கடைசியில் போயின.

மறுநாள் காலை எருமைகள் குட்டையை விட்டு எழுந்தன. மேட்டுக்கொம்பி பழக்க தோஷத்தில் வாயைத் திறந்துவிட்டாள். "வெள்ளை..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்தினாள். சற்று யோசித்து, "யாருக்கு எங்கே பூச்சி தெரியுதோ, அங்கே உட்காருங்க" என்றாள்.

கொக்குகள் முணுமுணுத்தன.

"போச்சு, நம்ம இடம் போச்சு" என்றார் நெட்டைக்கால் மாமா. "இதுக்குத்தான் அப்பவே சொன்னேன்."

"அது நம்ம இடம்னு யார் சொன்னது மாமா?"

"எப்பவும் நாமதானே உட்கார்ந்திருக்கோம்?"

"எப்பவும் அவங்களை உட்கார விடலை. அதனால நாம உட்கார்ந்திருந்தோம்" என்றாள் தும்பை. மாமா ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

ஆனால் கரிச்சான்கள் ஒன்றுகூட வரவில்லை. வெயில் ஏறியது. எருமைகளின் வாலோரமெல்லாம் ஈ மொய்த்தது. மேட்டுக்கொம்பி தும்பையைக் கூப்பிட்டாள்.

"கண்ணு, நீ போய் அவங்களைக் கூட்டிட்டு வா. நீ பக்குவமா எடுத்துச் சொல்லுவே."

தும்பை கிளம்பவில்லை. "நான் சொல்லி நீங்க கேட்டது போதும் பெரியம்மா. நான் சொல்லி அவங்களும் கேட்கணுமா? பேச வேண்டியது நீங்க. நீங்களே வாங்க."

மேட்டுக்கொம்பி இதுவரை எந்தப் பறவையையும் தேடிப் போனதில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நடந்தாள். அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு, புல்வெளியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, எல்லோரும் பார்க்க நடந்தாள். உடைமரத்தடியில் போய்த் தலையைத் தாழ்த்தினாள்.

"காயா, கொண்டல், நான் பண்ணினது தப்பு. கேட்காம தீர்ப்புச் சொன்னேன். பார்க்காம பழி போட்டேன்."

காயா கூட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என் முட்டையை யார் திருப்பித் தருவாங்க?"

மேட்டுக்கொம்பியின் தலை இன்னும் தாழ்ந்தது. "தர முடியாதும்மா."

"தெரியும். ஆனாலும் கேட்கணும்னு தோணிச்சு. இத்தனை நாளா நீங்க மட்டும்தானே எங்களைக் கேள்வி கேட்டீங்க?"

மேட்டுக்கொம்பி அந்தக் கேள்விக்கு முன்னால் நின்றாள். சமாதானம் சொல்லவில்லை, காரணம் சொல்லவில்லை, நகரவும் இல்லை. ரொம்ப நேரம் கழித்துக் கொண்டல் கிளையை விட்டு இறங்கினான். அவள் தலையில் உட்கார்ந்தான். காதுக்குள் பார்த்து ஓர் உண்ணியைப் பிடுங்கினான். மேட்டுக்கொம்பி அவனைச் சுமந்துகொண்டு மெல்லத் திரும்பி நடந்தாள்.

தும்பை மட்டும் மரத்தில் தங்கிவிட்டாள். காயாவுக்கு எதிரே கிளை நுனியில் உட்கார்ந்து, என்ன பேசுவது என்று தெரியாமல் இறகைக் கோதினாள்.

"அக்கா, நான் நேத்துக் காலையிலேயே சொல்லியிருந்தா அந்த முட்டை இருந்திருக்கும்."

"ஆமாம்" என்றாள் காயா. "இருந்திருக்கும்."

அவள் இல்லை என்று சொல்வாள் என்று தும்பை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் வலித்தது. காயா அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. கோபம் மட்டும் இல்லை.

"நீ பேசினே. அதை நான் மறக்க மாட்டேன். நேரம் கழிச்சுப் பேசினே. அதையும் மறக்க மாட்டேன். மன்னிச்சியான்னு என்னைக் கேட்காதே தும்பை. அடுத்த தடவை யாருக்காவது இப்படி நடந்தா, நிழல்ல போய் உட்காராதே. எழுந்து நின்னு அங்கேயே சொல்லு. அது போதும் எனக்கு."

"சொல்றேன் அக்கா."

"சரி. இப்போ கொஞ்சம் அசையாம இரு. கிளை ஆடுது." காயா தலையைச் சாய்த்துத் தன் வயிற்றுக்கு அடியில் காது கொடுத்தாள். "உள்ளேர்ந்து கொத்துது."

தும்பை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளை ஆடாமல் உட்கார்ந்தாள்.

கேட்காமலே நமக்குக் கிடைக்கிற சலுகையும் காரணமில்லாமலே இன்னொருவருக்குக் கிடைக்கிற தண்டனையும் ஒரே அநீதியின் இரண்டு பக்கம் என்பதால், 'என்னை யாரும் கேட்கவில்லையே' என்று நிழலில் உட்காராமல் உடனே எழுந்து உண்மையைச் சொல்வதே நியாயம்.